ஒட்டு மேலே வடிவு, தட்டினால் கழருது: மூத்தவர்களிடம் வெல்டிங் பழகுவது எப்படி?

ஆவணி 16, காலை. கேள்வி, கிளிநொச்சிப் பக்கத்து வாசகர்

அண்ணைமார், கலப்பைக் கொத்து, கேற், பெட்டிக் கொழுவி எண்டு சின்ன வேலைகள் செய்யிறன். 160 அம்பியர் இன்வேற்றர் வெல்டிங் மெசின், 6013 றொட் (ஒட்டுற கம்பி). ஒட்டு மேல வடிவாத்தான் கிடக்கு, சுத்தியலால தட்டினாக் கழண்டு வருது. ஊரில 40 வருசம் வேலை செய்த ஐயா ஒருத்தர் இருக்கிறார். எத்தினை அம்பியர் வைக்க எண்டு கேட்டா, 'பாத்துப் பழகு' எண்டு மட்டும் சொல்லுறார். பழைய ஆக்களிட்டப் போறது நேரச் செலவு எண்டு நான் சொல்லுறன். வீடியோ பாத்தாக் காணாதோ?

ஆவணி 16, இரவு

காணாது. வீடியோ உங்கள் ஒட்டைப் பார்க்காது. ஐயா பார்ப்பார்.

ஆனால் கேள்வியை மாற்ற வேண்டும். 'எத்தனை அம்பியர்' என்பதற்கு அவரிடம் பதில் இல்லை, ஏனென்றால் அவருடைய பிளான்டில், அதாவது பழைய வெல்டிங் மெசினில், அம்பியர் எழுதியிருக்காது. கைபிடியை இத்தனை சுற்று என்றுதான் அவருக்குத் தெரியும். வாயால் கேட்காமல் துண்டு கொண்டு போங்கள்.

50க்கு 6 மில்லிமீற்றர் பட்டை இரும்பில் 100 மில்லிமீற்றர் நீளத்துக்கு ஆறு துண்டு வெட்டுங்கள். துருவையும் கறுப்புத் தோலையும் கிறைண்டரால் எடுத்துவிட்டு, இரண்டிரண்டாக ஆங்கில 'T' தலைகீழாக நிற்கிற மாதிரி நிமிர்த்தி வையுங்கள். ஒரு பக்கம் மட்டும் ஒட்டுங்கள். 2.5 மில்லிமீற்றர் றொட்டில் முதல் சோடி 65 அம்பியர், அடுத்தது 80, மூன்றாவது 95. சோக்கால் எண் எழுதி, அதை அவருக்குக் காட்டாமல் மூன்றையும் முன்னால் வையுங்கள். எது நல்லதென்று அவர் கையால் தடவியே சொல்லிவிடுவார்.

பிறகு உடையுங்கள். அடியைப் பலகை வைசில் இறுக்கி, ஒட்டு இல்லாத பக்கத்தால் இரண்டு கிலோ சுத்தியலால் அடித்து, நிமிர்ந்த துண்டை ஒட்டின் மேலேயே மடிக்க வேண்டும். அப்போதுதான் ஒட்டின் அடி வாய் திறக்கும். மூலையில் வெட்டின விளிம்பு உருகாமல் நேர்கோடாகத் தெரிந்தால், இரும்பு இரும்போடு சேரவில்லை, மேலே ஊற்றி வைத்திருக்கிறீர்கள். உங்கள் 'கழண்டு வருது' அநேகமாக இதுதான்.

ஆவணி 17

ஒரு சொல் குழப்பம். ஐயா 'பத்தாம் நம்பர்', 'பன்னிரண்டாம் நம்பர்' என்றால் அது கேஜ் கணக்கு. 10 கேஜ் 3.25 மில்லிமீற்றர், 12 கேஜ் 2.64, 14 கேஜ் 2.03, 8 கேஜ் 4.06. கடையில் 3.2, 2.5, 2.0, 4.0 என்று இருப்பவைதான் இவை. எண் கூடினால் றொட் மெல்லிசு. 'எட்டாம் நம்பர் போடு' என்றால் 160 அம்பியர் மெசினுக்கு அது பெரிய சுமை. மெசின் கொஞ்ச நேரத்தில் மஞ்சள் விளக்குக் காட்டிப் படுத்துவிடும்.

ஆவணி 19

'பாத்துப் பழகு' என்பதைப் பலர் பிழையாக எடுக்கிறார்கள். வெளிச்சத்தைப் பார்ப்பதால் பழக ஒன்றுமில்லை. நீங்களும் 10 அல்லது 11 ஆம் இலக்கக் கண்ணாடி போட்டுக்கொண்டு, அவருக்குப் பின்னால் நிற்காமல் பக்கவாட்டில், ஒட்டின் உயரத்துக்குக் குனிந்து நில்லுங்கள். பார்க்க வேண்டியவை:

முதலாவது, இடைவெளி. றொட் நுனிக்கும் உருகின இரும்புக் குளத்துக்கும் இடையில் அவர் விடுவது றொட்டின் கம்பித் தடிப்பளவுதான். 2.5 றொட்டுக்கு 2.5 மில்லிமீற்றர். பழகுகிறவர்கள் ஒட்டிப் பிடித்துவிடும் என்ற பயத்தில் 5, 6 விடுகிறார்கள். இடைவெளி கூடினால் சூடு பரந்து போகும், ஊடுருவாது, பொறி தெறிக்கும், காற்றுப் புகுந்து ஊசித்துளை விழும். இதைவிட முக்கியமான ஒன்று: றொட் எரிந்து குறையக் குறைய அவருடைய கை கீழே இறங்கிக்கொண்டே போகும். அந்த இறக்கத்தைத்தான் கண் பிடிக்க வேண்டும். ஒட்டு தொடக்கத்தில் நன்றாக இருந்து பாதியில் கெடுகிறதென்றால் உங்கள் கை இறங்கவில்லை.

இரண்டாவது, சரிவு. போகும் திசைக்கு 10 முதல் 20 பாகை சரித்து இழுக்கிறார், தள்ளவில்லை. தள்ளினால் றொட்டின் பூச்சு உருகி வரும் கசடு குளத்துக்கு முன்னால் ஓடி அடியில் மாட்டும்.

மூன்றாவது, அவர் முன்னுக்குப் பார்க்கவில்லை. சுடரைப் பார்ப்பதும் இல்லை. குளத்தின் பின் விளிம்பைப் பார்க்கிறார். உலோகக் குளம் கூரிய விளிம்போடு பளபளக்கும், கசடு அதன் மேல் மிதந்து அலையும். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கும் நாள்தான் பழகின நாள். அதற்கு முன் கையை எப்படி ஆட்டினாலும் குருட்டு வேலை.

நாலாவது, முடிவு. றொட்டைச் சடாரென்று தூக்கமாட்டார். ஒரு கணம் நின்று, 10 மில்லிமீற்றர் பின்னுக்கு வந்து, குழி நிரம்பின பிறகுதான் எடுப்பார். நிரம்பாத குழியில்தான் வெடிப்புத் தொடங்கும். அடுத்த றொட் தொடங்கும்போது குழியின் கசடைத் தட்டி, 10 மில்லிமீற்றர் முன்னால் கொளுத்தி, குழிக்குத் திரும்பி வந்து, பிறகு முன்னேறுவார். கொளுத்தின தழும்பின் மேலாலேயே ஒட்டுப் போவதால் தழும்பு உருகி மறையும்.

சத்தத்தையும் கேளுங்கள். சரியாகப் போனால் தகரக் கூரையில் தூறல் விழுகிற மாதிரி ஒரே சீராக இருக்கும். விட்டு விட்டு வெடித்தால் இடைவெளி நீண்டுவிட்டது. அடைத்த மாதிரி உறுமினால் அம்பியர் காணாது.

ஆவணி 20

தூறல் கணக்கு 6013க்கு மட்டும். 7018 வேறு பூச்சுப் போட்ட றொட், இதைவிட அடங்கிய சத்தம். அதில் தூறல் கேட்டால் றொட் ஈரம் அல்லது இடைவெளி அதிகம்.

ஆவணி 24

கேள்வி கேட்டவர் துண்டுகளைக் கொண்டு போனாராம். ஐயா 80ஐயும் 95ஐயும் எடுத்து வைத்துவிட்டு 65ஐ எறிந்தாராம். பிறகு, 'பின்னேரத்தில கூட்டி வை' என்று சொன்னாராம். இன்வேற்றரில் கூட்டினால் ஒட்டின் கரையைத் தின்று பள்ளமாக்குகிறது, ஐயா பிழை சொல்கிறார் என்று முறைப்பாடு.

பிழை இல்லை. அவர் சொன்னது அவருடைய பிளான்டுக்கு. பழைய எண்ணெய்ப் பிளான்ட் ஒரு ட்ரான்ஸ்போமர். உள்ளே வரும் வோல்ட் குறைந்தால் வெளியே வரும் கரண்டும் கிட்டத்தட்ட அதே விகிதத்தில் குறையும். 230 வரவேண்டிய இடத்தில் பின்னேரம் 190 வந்தால் ஆறிலொரு பங்குக்கு மேல் போச்சு. ஆகவே கூட்டினார். இன்வேற்றர் அப்படி இல்லை, வைத்த அம்பியரைத் தானே பிடித்துக்கொள்ளும், பிடிக்க முடியாத அளவுக்கு வோல்ட் விழுந்தால் நின்றுவிடும். நடுவில் நீங்கள் கூட்டினால் உண்மையாகவே கூடும்.

மூத்தவர்களின் சொல் எல்லாவற்றையும் இப்படித்தான் எடுக்க வேண்டும்: என்ன சொன்னார் என்பதோடு, எந்த மெசினில் நின்று சொன்னார் என்பதையும். '7018 கூடாத றொட், ஒட்டிப் பிடிக்கும்' என்பதும் அந்த வகை. அவருடைய ஏசி பிளான்டின் வெறும் வோல்ட் (கொளுத்தாமல் நிற்கும்போது உள்ள வோல்ட்) அந்த றொட்டுக்குக் காணாமல் இருந்திருக்கும். டிசி இன்வேற்றரில், றொட்டைப் பிளஸ்ஸில் போட்டால், அதே றொட் வெண்ணெய் மாதிரிப் போகும்.

டிசியில் இன்னொரு வித்தியாசம். மூலைக்குள் போகும்போது சுடர் ஒரு பக்கம் ஊதுப்பட்டுப் போகும். இது காந்த இழுப்பு, உங்கள் கைப் பிழை இல்லை. எர்த் கிளாம்பை மற்ற முனைக்கு மாற்றுங்கள், இடைவெளியைக் குறையுங்கள், கொஞ்சம் அம்பியர் இறக்குங்கள். ஏசியில் வேலை செய்தவருக்கு இந்தத் தொல்லை தெரிந்திராது.

இன்வேற்றரும் நின்று நின்று போகிறதென்றால் முதலில் நீட்டு வயரைப் பாருங்கள். 95 அம்பியர் ஒட்டுக்குச் சுவரிலிருந்து ஏறக்குறைய 18 அம்பியர் இழுக்கும். 50 மீற்றர், 1.5 சதுர மில்லிமீற்றர் செப்பு வயரில் போய் வர 100 மீற்றர், தடை 1.17 ஓம், இழப்பு 21 வோல்ட். 4 சதுர மில்லிமீற்றர் வயரில் அதே தூரத்துக்கு 8 வோல்ட். வயரைச் சுருளோடு விடாமல் முழுக்க விரித்துப் போடுங்கள், சுருளில் சூடேறி உறை உருகும். 13 அம்பியர் பிளக்கில் நாள் முழுக்க ஓட்டினால் பிளக் கருகும்.

கரண்ட் இல்லாத வயல் வேலைக்கு 3 கேவிஏ ஜெனரேற்றர் போதும்.

ஆவணி 25

நேற்றைய கடைசி வரி பிழை. 2.3 கிலோவோட் ஒட்டுக்கு 3 கேவிஏ காணும் என்று மனக்கணக்குப் போட்டது. இன்வேற்றரின் திறன் 80 வீதம் என்றால் உள்ளே 2.85 கிலோவோட். சாதாரண இன்வேற்றரின் பவர் ஃபக்டர் 0.7 அளவு, ஆகவே 4.1 கேவிஏ. 5 முதல் 6 கேவிஏ ஜெனரேற்றர் எடுங்கள். 3 கேவிஏயில் 2.0 றொட்டோடு பொட்டு (சின்னப் புள்ளி ஒட்டு) வைக்கலாம், அவ்வளவுதான்.

ஆவணி 30

'ஐயா தேத்தண்ணி குடிக்கிற நேரத்தில்தான் வாயைத் திறக்கிறார்' என்று எழுதியிருக்கிறார். எல்லாப் பட்டறையிலும் அப்படித்தான். கண்ணாடியைக் கழற்றினால்தான் வாய் தெரியும்.

புரட்டாதி 3

காலபோக உழவு வரப்போகிறது, கலப்பைக் கேள்விகள் குவிகின்றன. இதை விரிவாக எழுத வேண்டும், கேற் ஒட்டுவது போலக் கொத்து ஒட்டுவதுதான் இங்கே நடக்கும் பெரிய பிழை.

உடைந்து வந்த கொத்துக் காலை ஒட்டுவதற்கு முன் உடைவைப் படியுங்கள். பழைய ஒட்டு, அடி வழவழப்பாக அப்படியே பெயர்ந்திருந்தால் ஊடுருவல் இல்லை. ஒட்டு முழுதாக இருந்து, அதன் கரையோடு ஒட்டிப் பக்கத்து இரும்பு கண்ணாடி உடைந்த மாதிரி மினுமினுத்துப் போயிருந்தால் அது வேறு நோய்: இரும்பில் கரி அதிகம். லொறி ஸ்பிறிங் பட்டையில் 0.5 முதல் 0.6 வீதம் கரி இருக்கும். அப்படியான இரும்பில் குளிர்ந்த நிலையில் ஒட்டினால், பக்கத்து இரும்பு சட்டென்று ஆறிக் கண்ணாடி போல் இறுகிவிடும். ஒட்டு தாங்கும், பக்கம் வெடிக்கும்.

கிறைண்டர் பொறியையும் பாருங்கள். சாதாரண இரும்பில் பொறி நீளமாக, கிளைக்காமல் போகும். ஸ்பிறிங் இரும்பில் கட்டையாக, நுனியில் பூப் பூவாக வெடிக்கும். ஒரு தெரிந்த ஸ்பிறிங் துண்டைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் சந்தேகம் தீரும்.

வேலை: இரண்டு பக்கமும் 30 பாகை சரித்து, மொத்தம் 60 பாகை வாய். அடியில் 1.5 மில்லிமீற்றர் சரிக்காத மூக்கு விட்டு, 2 முதல் 3 மில்லிமீற்றர் இடைவெளி. ஒட்டுக்கு இரு பக்கமும் ஒரு சாண் தூரத்துக்கு 250 முதல் 300 பாகை செல்சியஸ் வரை சூடாக்குங்கள். 3.2 மில்லிமீற்றர் 7018, றொட் பிளஸ்ஸில், 110 முதல் 130 அம்பியர். ஒவ்வொரு படைக்கும் கசடைத் தட்டிக் கம்பித் தூரிகை போடுங்கள். தட்டுகிற நேரத்தில் சூடு இறங்கிவிட்டால் திரும்பச் சூடாக்குங்கள். முடிந்ததும் காற்றில் விடாமல், தண்ணீரில் போடவே போடாமல், காய்ந்த உமிச் சாம்பலுக்குள் ஒரு முழ ஆழத்தில் விடியும்வரை புதையுங்கள். அரிசி ஆலை இருக்கிற ஊரில் உமிச் சாம்பலுக்கு என்ன பஞ்சம். மணலைவிட அது சூட்டைப் பிடித்து வைக்கும். ஆனால் ஈரச் சாம்பல் வேண்டாம், அது தண்ணீரில் போட்டதற்குச் சமம்.

ஒட்டக் கூடாத இடமும் உண்டு. ஆணித் துளைக்குக் குறுக்காக வெடித்த கால், கொழுவியின் கழுத்து. ஒட்டிக் கொடுத்தால் அடுத்த கட்டைவேரில் போகும். மாற்றச் சொல்லுங்கள்.

புரட்டாதி 4

'300 பாகையை எதால் அளக்க?' குறித்த சூட்டில் உருகும் சூட்டுச் சோக் வைத்திருப்பவர்கள் குறைவு. ரேடியோக் கடையில் வாங்கும் 60-40 ஈயப் பற்றுக் கம்பி 190 பாகையில் உருகும். மீன் வலைக் குண்டின் ஈயம் 327இல் உருகும். சூடாக்கின இடத்தில் பற்றுக் கம்பியைத் தொட்டால் உருக வேண்டும், வலைக் குண்டைத் தொட்டால் உருகக் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறீர்கள். முல்லைத்தீவுக் கரையில் குண்டு ஈயம் எங்கும் கிடக்கும். பற்றரி ஈயம் வேண்டாம், அதில் வேறு உலோகம் கலந்திருப்பதால் முன்னமே உருகிவிடும். தொட்ட இடம் ஒட்டு வாயிலிருந்து தள்ளி இருக்கட்டும், பட்ட ஈயத்தைத் துடைத்துவிட்டு ஒட்டுங்கள், கையைக் கழுவுங்கள்.

புரட்டாதி 9

கல்வனைஸ் பைப், அதாவது துத்தநாகம் பூசின குழாய். இங்கே ஐயாமாரோடு ஒத்துப் போக முடியாது.

துத்தநாகம் 907 பாகையில் கொதித்து ஆவியாகும், இரும்பு உருக 1500 அளவு வேண்டும். ஆகவே இரும்பு உருகும் முன்னமே அந்த இடத்துத் துத்தநாகம் வெள்ளைப் புகையாகப் போய்விடும். அதைச் சுவாசித்தவருக்கு 4 முதல் 10 மணித்தியாலம் கழித்துக் குளிர், காய்ச்சல், வாயில் உலோக இனிப்பு, இருமல். ஒன்று இரண்டு நாளில் விடும், அதனால்தான் 'தடிமன் காய்ச்சல்' என்று நினைத்துத் திரும்பவும் செய்கிறார்கள். 'வெல்டிங்குக்கு முதல் பால் குடி' என்பது எல்லாப் பட்டறையிலும் கேட்கும் அறிவுரை. பால் வயிற்றுக்குப் போகிறது, புகை நுரையீரலுக்குப் போகிறது. ஒட்டுக்கு இரு பக்கமும் 25 மில்லிமீற்றர் பூச்சைக் கிறைண்டரால் எடுங்கள், உள்பக்கமும் இருந்தால் அதையும். காற்று முதுகிலிருந்து வரக்கூடாது, புகை உடம்பைச் சுற்றி முகத்துக்கு ஏறும். பக்கவாட்டுக் காற்றில் நில்லுங்கள். மூச்சு முட்டினால் ஆஸ்பத்திரிதான்.

கண்ணில் வெல்டிங் வெளிச்சம் பட்டால் தாய்ப்பால், உருளைக்கிழங்கு என்பார்கள். வெளிச்சம் பட்டு 6 முதல் 12 மணித்தியாலத்தில் கண்ணுக்குள் மணல் போட்ட மாதிரி வரும். இருட்டறை, குளிர் ஒத்தடம், வைத்தியர். கண்ணுக்குள் எதையும் ஊற்றாதீர்கள். பொட்டு வைக்கும்போது கண்ணை மூடிக்கொண்டால் போதும் என்று கண்ணாடி இல்லாமல் வைக்கும் பழக்கத்தை மட்டும் எந்த ஐயாவிடமும் பழகாதீர்கள்.

புரட்டாதி 11

பிறேக் கிளீனர் அடித்துத் துடைத்த இடத்தில் ஒட்டலாமா என்று கேட்டவருக்கு: குளோரின் உள்ள கிளீனர் என்றால் சுடரில் அது பொஸ்ஜின் என்ற நச்சு வாயுவாகும். கிறைண்டரும் தூரிகையும் போதும்.

புரட்டாதி 14

பழைய இரும்பு பற்றி ஒன்று. வன்னியில் பழைய இரும்புக் குவியலிலிருந்து துண்டு எடுத்துப் பழகுகிறவர்கள் கவனம். இரண்டு முனையும் மூடின குழாய், செதில் வைத்த உருளை, என்னவென்று தெரியாத கூம்பு எதுவானாலும் வெடிக்காத குண்டாக இருக்கலாம், தட்டவோ வெட்டவோ சூடாக்கவோ கூடாது. தூக்கிக்கொண்டு போய்க் காட்டவும் கூடாது. கிடந்த இடத்தில் விட்டுப் பொலிசுக்கு அறிவியுங்கள். பட்டை இரும்பு ஆறு துண்டின் விலை அவ்வளவு பெரிதில்லை.

டீசல் பீப்பாயும் அப்படித்தான். கழுவினேன் என்று சொல்லிக் கொண்டு வருவார்கள். மடிப்புக்குள் இருக்கும் மிச்சம் சூட்டில் ஆவியாகி வெடிக்கும். ஒட்டாதீர்கள்.

புரட்டாதி 22

நிமிர்ந்த ஒட்டு, சுருக்கமாக. கீழிருந்து மேலே. படுத்த ஒட்டுக்கு வைத்ததைவிட 10 முதல் 15 வீதம் இறக்குங்கள். இரு கரையிலும் ஒரு கணம் நின்று, நடுவைச் சட்டென்று கடக்க வேண்டும். நடுவில் நின்றால் தொங்கும், கரையில் நிற்காவிட்டால் கரை அரித்துப் பள்ளம் விழும். மேலிருந்து கீழே இழுத்தால் வடிவு வரும், கசடு முந்தும், பலம் வராது. 1.2 மில்லிமீற்றர் பொக்ஸ் பாருக்கு மட்டும் கீழ்நோக்கி இழுக்கலாம்: 2.0 றொட், மைனஸில், 40 முதல் 50 அம்பியர்.

கேற் சட்டம் முறுகுகிறது என்றவருக்கு: நாலு மூலையிலும் பொட்டு மட்டும் வைத்து இரண்டு மூலைவிட்டமும் அளக்க வேண்டும். 2 மில்லிமீற்றருக்குள் ஒத்தால்தான் மேலே. ஒரு மூலையை முடித்துவிட்டு அடுத்ததுக்குப் போகாமல் எதிர் மூலைக்குப் போங்கள்.

உழவு இயந்திரத்தில் நேரடியாக ஒட்டுவதானால் பற்றரி வயர்களைக் கழற்றி, எர்த் கிளாம்பை ஒட்டுகிற துண்டிலேயே பூட்டுங்கள். தூரத்தில் பூட்டினால் கரண்ட் பெயரிங் வழியாகப் போய் அதைத் தின்னும்.

ஐப்பசி 6

மழை தொடங்கியாச்சு. 'அதே றொட், அதே அம்பியர், இப்ப பொரியுது, துளை விழுது.' றொட் ஈரம். பூச்சில் வெள்ளை பூத்திருக்கும், நுனிக் கம்பி துருப்பிடித்திருக்கும்.

6013ஐ 100 முதல் 120 பாகையில் ஒரு மணித்தியாலம். அதுக்கு மேல் வேண்டாம், அந்தப் பூச்சுக்குக் கொஞ்ச ஈரம் தேவை. 7018க்கு 350 பாகை, ஒரு மணித்தியாலம். வீட்டு அவன் 250ஓடு நின்றுவிடும். ஆகவே 7018ஐச் சின்னப் பெட்டியாக வாங்கி, திறந்து 4 மணித்தியாலத்துக்குள் முடியுங்கள், மிச்சத்தைக் கேற் வேலைக்கு ஒதுக்குங்கள், கொத்துக்குப் போடாதீர்கள். றொட்டை இரும்பில் ஒட்டிப் பிடிக்க வைத்துச் சிவக்கக் காயவைக்கும் வழக்கம் உண்டு. அதில் பூச்சு வெடித்து உதிரும், ஈரமும் சீராகப் போகாது.

ஈரக் கையுறையோடு றொட் மாற்றாதீர்கள். கொளுத்தாமல் நிற்கும்போது ஹோல்டரில் 60 முதல் 80 வோல்ட் இருக்கும். பழைய ஏசி பிளான்டில் அது இன்னும் மோசம். காய்ந்த பலகையில் நின்று செய்யுங்கள்.

ஐப்பசி 8

சான்றிதழ் கேட்டவருக்கு: என்.வி.கியூ (தேசிய தொழிற்தகைமை) 3, 4 கைவினைஞர் நிலை. வேலை தெரிந்தவர் வகுப்புக்குப் போகாமல், முன்கற்றலை மதிப்பிடும் வழியால் பரீட்சைக்குப் போகலாம். 40 வருச ஐயாவையும் கூட்டிக்கொண்டு போங்கள், அவரிடம் கடதாசி இருக்காது.

ஐப்பசி 11

மடித்த துண்டின் படம் பார்த்தேன். 80ஓடு செய்தது முழுக்க மடிந்தும் உடையவில்லை. 95இல் மேல் கரை அரித்திருக்கிறது. ஆக உங்கள் மெசினில், உங்கள் கையில், இந்த 6 மில்லிமீற்றருக்கு 85. அடுத்தவர் மெசினில் எண் வேறு வரலாம்.

அடுத்தது 10 மில்லிமீற்றர் பட்டை, முனைக்கு முனை, 60 பாகை வாய், 2.5 இடைவெளி. அடிப் படைக்கு 2.5 றொட், மேலே 3.2. ஒட்டி முடித்ததும் குறுக்காக வெட்டி, வெட்டு முகத்தை உப்புத்தாளால் வழவழப்பாக்கிக்கொண்டு ஐயாவிடம் போங்கள். அடியில் கறுப்புக் கோடு தெரிந்தால் அவர் கேட்பதற்கு முன்னால் நீங்களே சொல்லிவிடுங்கள்.